பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமிதி ஐந்து



நம் பள்ளிகளின் கால அட்டவணையில் வாரத்திற்கு ஒரு பாடவேளை 'நீதிபோதனை' என்னும் பெயரோடு இடம்பெற்றிருந்ததை நடுவயது கடந்தோர் அனைவரும் அறிவர். அப்பாடவேளை எவ்வாறு கழிந்தது என்பதையும் அறிவர். பாடம் முடியாத கணக்காசிரியர் அதனைக் கேட்டு வாங்கிக்கொள்வார். அவர் வேண்டாவிடின் ஆங்கில ஆசிரியர் வாங்கிக்கொள்வார். இருவரும் வாராத நாளில் பிள்ளைகள் ஓசையின்றி அமர்ந்திருக்குமாறு பணிக்கப்படுவர். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, ஒழுக்கக் கல்விக்கென வாரத்தில் ஒன்றிரண்டு பாடவேளைகள் ஒதுக்கப்பெறல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டில் நின்றது. பாடவேளையோ மதிப்பெண்ணுக்கு இரையாயிற்று.

இதனால் விளைந்த இழப்பு யாது? 2023 ஆகஸ்டு மாதம் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர்தம் தங்கையும், உடன் பயிலும் மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டனர். சாதிச் செருக்கே அதன் வேர். வெட்டியவர்கள் எழுத்தறியாதவர் அல்லர். நாள்தோறும் பள்ளிக்குச் சென்று வந்த சிறுவர்கள். அந்நிகழ்ச்சிக்குப் பின் தமிழக அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு அவர்களின் ஒருநபர் குழு, 2024 ஜூன் மாதம் தன் அறிக்கையை அளித்தது. மாணவர் கைகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கட்டலாகாது என்றும், 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அறநெறி வகுப்பு கட்டாயமாக நடைபெறல் வேண்டும் என்றும் அக்குழு கூறியது. ஆகவே, பள்ளியில் ஒழுக்கத்தை எவ்வாறு கற்பிப்பது என்னும் வினா மீண்டும் நம் முன் வந்து நிற்கிறது. இவ்வினாவிற்கு விடை கூறும் கடமை ஏனையோரினும் நமக்கு மிகுதியும் உண்டு. அஃது ஏன் என்பதை முதற்கண் நோக்குவோம்.

பள்ளி என்னும் சொல்

இன்று கல்விக்கூடத்தைக் குறிக்கும் 'பள்ளி' என்னும் சொல், அறவோர் உறைந்த இடத்தின் பெயராகத் தமிழகத்தில் நெடுங்காலம் வழங்கி வந்தது. மதுரையை அடுத்த மாங்குளத்து மலைக்குகையில், கிறித்து பிறப்பதற்கு முன்னரே வெட்டப்பெற்ற தமிழ்பிராமிக் கல்வெட்டுகளில் இச்சொல்லைக் காண்கிறோம். அங்கே பள்ளி என்றது முனிவர் தங்கும் கற்படுக்கைகள் அமைந்த குகையினை. அறவோர் தங்கிய இடத்தை நாடி மக்கள் சென்றனர்; சென்றவர் கேட்டனர்; கேட்டவர் கற்றனர். கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழ்ப் பொறிக்கப்பெற்ற வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் ஆசிரியர்களும் மாணாக்கர்களும், குரத்தியர் எனப்பெற்ற பெண் ஆசிரியர்களும் பெயர் விளங்க நிற்கின்றனர். பெண்டிர் கற்றும் கற்பித்தும் வாழ்ந்த மரபு நம்முடையது.

அம்மரபில் ஆசிரியர் என்பார் வெறும் நூலறிவினர் அல்லர். அவர் எவ்வாறு நடந்தார், எவ்வாறு உண்டார், எவ்வாறு பேசினார் என்பதே மாணாக்கர்க்கு முதற்பாடம். வாழ்க்கையும் பாடமும் ஓரிடத்தே நிகழ்ந்தமையால் ஒழுக்கத்திற்கெனத் தனிப் பாடவேளை வேண்டப்படவில்லை. இன்று பள்ளி என்னும் பெயர் நிலைத்துவிட்டது. அப்பெயர் குறித்த பொருள் தேய்ந்துவிட்டது.

மருந்தின் பெயர் பூண்ட நூல்கள்

மதுரைத் தமிழாசிரியர் மாக்காயனாரிடம் ஒருசாலை மாணாக்கராய்ப் பயின்றவர் இருவர். ஒருவர் காரியாசான், மற்றவர் கணிமேதாவியார். இருவரும் சமணச் சான்றோர். காரியாசான் தாம் இயற்றிய நூலுக்குச் 'சிறுபஞ்சமூலம்' எனப் பெயரிட்டார். கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி என்னும் ஐந்தின் வேர்களால் ஆகிய மருந்து அது. கணிமேதாவியார் தம் நூலுக்கு 'ஏலாதி' எனப் பெயரிட்டார். ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு என்னும் ஆறும் சேர்ந்த மருந்து அது. ஒரே ஆசிரியரிடம் பயின்ற இருவரும் நீதிநூலை மருந்தென்றே கொண்டமை எண்ணத்தக்கது.

மருந்தின் இயல்பு யாது? அதன் பெயரை நூறுமுறை சொல்வதனால் பிணி தீராது. சரக்குகளின் பட்டியலை மனப்பாடம் செய்து ஒப்பித்துப் பரிசு பெறுவதனாலும் தீராது. உரிய அளவில், உரிய பொழுதில், நாள்தோறும் உட்கொண்டால் மட்டுமே தீரும். நம் பள்ளிகளில் நீதிநூல்கள் படும் பாட்டினை இவ்வுவமை கொண்டு அளந்து பாருங்கள். செய்யுளை அடிபிறழாமல் எழுதினால் முழு மதிப்பெண். பொருளை எழுதினால் மேலும் மதிப்பெண். அச்செய்யுள் கூறியவாறு நடந்தானா என்று கேட்பார் இலர். மருந்துச்சீட்டை மனனம் செய்வித்து நோயாளியை வீட்டிற்கு அனுப்பும் மருத்துவமனையை எவரேனும் போற்றுவரா?

நம் ஊர்களில் சினாலயங்களை ஒட்டி நடைபெறும் ஞாயிற்றுக்கிழமைப் பாடசாலைகளும் இதற்கு விலக்கல்ல. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை, மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் ஐந்தினையும் நம் சிறுவர்கள் மூச்சு விடாமல் ஒப்பிப்பதை நாம் கேட்டு மகிழ்ந்துள்ளோம். ஒப்பித்து முடித்த மறுகணமே, வெளியே ஓடும் விரைவில் சிறியோரைத் தள்ளிவிட்டுப் போவதையும் கண்டுள்ளோம். குறை பிள்ளைகளிடம் இல்லை. ஐந்து பெயர்களைக் கற்பித்தோம். அவற்றை நடையில் கொண்டுவரும் பயிற்சியைக் கற்பித்திலோம்.

சமிதி ஐந்து

நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மூன்றும் கூடிய வழியே வீட்டிற்கு வழி என்று உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் தொடக்கத்திலேயே நிறுவுகின்றார். இம்மும்மணியுள் நடுநின்ற ஒன்றனையே இன்றைய பள்ளி ஏற்றுக்கொண்டது. முதலும் முடிவும் இல்லாத நடு எங்ஙனம் நிற்கும்?

அந்நூலின் ஒன்பதாம் அத்தியாயம் வினை உயிரிடத்தே வந்து சேராமல் தடுக்கும் செறிப்பினைக் கூறுகின்றது. ஆண்டு முனிவர்க்கு விதித்த சாதனங்களுள் ஒன்று சமிதி. சமிதி என்பது விழிப்போடு ஒழுகுதல். அது நடத்தல், பேசுதல், உண்ணுதல், பொருளை எடுத்தலும் வைத்தலும், கழிவினை நீக்குதல் என ஐந்தாம். கூர்ந்து நோக்குமின்: இவ்வைந்தும் வானத்து அற்புதங்கள் அல்ல. ஒவ்வொரு சிறுவனும் சிறுமியும் பள்ளி வாயிலில் நுழைந்தது முதல் வெளியேறுவது வரை செய்கின்ற செயல்களே இவை. முனிவர் இவற்றை முற்றும் காப்பர். பிள்ளைகள் தம் அளவிற்கு ஏற்பச் சிறிது காத்தல் கூடும். மாதவர்க்கு மாவிரதமாகவும் இல்லறத்தார்க்கு அணுவிரதமாகவும் ஒரே அறம் அளவு வேறுபட்டு நிற்பது போல, இதனையும் கொள்ளலாம்.

முதலாவது, நடையில் விழிப்பு. முனிவர் பகலொளியில், முன்னே நான்கு முழ நிலத்தை நோக்கி, உயிர்களுக்கு ஊறு நேராவண்ணம் அடிவைப்பர். பள்ளியில் மணி அடித்தவுடன் மாடிப்படிகளில் நிகழும் நெரிசலை எண்ணிப் பாருங்கள். முன்னே செல்பவன் விழுந்தால் தனக்கென்ன என்னும் எண்ணமே அந்நெரிசலின் வேர். 'உன் காலடிக்கு முன்னே யார் உளர் என்று பார்த்து அடியெடுத்து வை' என்று ஆசிரியர் படியோரத்தில் நின்று பத்து நாள் பழக்கினால், அகிம்சையின் முதற்பாடம் அங்கே முடிந்துவிடும். எறும்பின் வரிசையைக் கடந்து செல்லப் பழகிய கால், மனிதனை மிதிக்கக் கூசும்.

இரண்டாவது, சொல்லில் விழிப்பு. நன்மை பயப்பதாய், அளவுடையதாய், இனியதாய்ப் பேசுதல் இதன் இலக்கணம். பள்ளிகளில் பட்டப்பெயர் இட்டு அழைத்தல் விளையாட்டாகவே கருதப்படுகிறது. உடற்குறையைச் சுட்டும் பெயர், நிறத்தைச் சுட்டும் பெயர், தந்தையின் தொழிலைச் சுட்டும் பெயர் ஆகியன அழைப்பவர்க்கு ஒரு நொடிச் சிரிப்பு; அழைக்கப்பட்டவர்க்கு ஆண்டுக்கணக்கான புண். இன்று அச்சொல் வகுப்பறையோடு நிற்பதில்லை. கைப்பேசியின் வழியே நள்ளிரவிலும் அப்பிள்ளையைத் துரத்துகிறது. விரலால் எழுதும் சொல்லும் நாவால் பேசும் சொல்லே; அதற்கும் வினைக்கட்டு உண்டு என்பதைப் பிள்ளைகட்கு விளங்க உரைத்தல் வேண்டும்.

மூன்றாவது, உணவில் விழிப்பு. முனிவர் நாளுக்கு ஒருமுறை, கையே கலமாக, பிறர் அளித்ததைக் குற்றம் நீக்கி ஏற்பர். சுவை நாடுதல் அங்கில்லை, வீணாக்குதல் அங்கில்லை. தமிழகப் பள்ளிகளில் நண்பகல் உணவும், 2022 முதல் காலை உணவும் வழங்கப்படுகின்றன. பல குடிப் பிள்ளைகள் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் அப்பந்தி, அறத்தைக் கற்பிக்கும் மிகச் சிறந்த வகுப்பறை. ஆயினும் 2023இல் சில ஊர்களில், சமைத்தவர் இன்ன சாதியினர் என்பதற்காகப் பெற்றோரே தம் பிள்ளைகளை உண்ணவிடாமல் தடுத்த செய்தியைப் படித்து நெஞ்சம் நொந்தோம். உணவின் தூய்மையை ஆராய்தல் நம் நெறி. அது கொலை கலந்ததா, கெட்டதா, ஈட்டிய பொருள் நேரியதா என்று ஆராய்தலே அத்தூய்மை. சமைத்த கையின் பிறப்பை ஆராய்தல் தூய்மையன்று, செருக்கு. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டகத்தில் விலக்கிய எண்வகை மதங்களுள் குலச்செருக்கும் சாதிச்செருக்கும் உள்ளன. அவ்வெட்டும் நீங்கினாலன்றி நற்காட்சியே இல்லை. நற்காட்சி இல்லையேல் நாம் நோற்கும் நோன்பும் செய்யும் பூசனையும் எதன்மேல் நிற்கும்? இதனைப் பிள்ளைகட்குச் சொல்லுமுன் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளுதல் நலம்.

நான்காவது, பொருளை எடுத்தலிலும் வைத்தலிலும் விழிப்பு. முனிவர் கையிலுள்ள மயிற்பீலி எதற்கு? அமரும் இடத்தையும் நூலையும் கமண்டலத்தையும் எடுக்குமுன்னும் வைக்குமுன்னும் மெல்லத் துடைத்து நுண்ணுயிரைக் காத்தற்கு. பள்ளியில் மேசையைக் கீறுதல், நூலகப் புத்தகத்தின் ஏட்டைக் கிழித்தல், நாற்காலியை இழுத்து எறிதல், பிறர் எழுதுகோலைக் கேளாமல் எடுத்தல் ஆகிய யாவும் இவ்விழிப்பு இன்மையால் விளைவன. கேளாமல் எடுத்தல் கள்ளாமைக்குப் பகை. எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கப் பழகிய பிள்ளை, பொதுப்பொருளைத் தன்பொருள் போலவே காக்கும்.

ஐந்தாவது, கழிவினை நீக்குதலில் விழிப்பு. இதனைப் பேச நாணுகிறோம். பேசாமையால் நம் பள்ளிகளின் கழிவறைகள் பெரும்பாலும் நாணத்தக்க நிலையில் உள்ளன. உயிரற்ற, பிறர்க்கு இடையூறில்லாத இடத்தே கழிவை நீக்குக என்று முனிவர்க்கும் விதி வகுத்த நெறி நம் நெறி. நான் சென்றபின் இவ்விடத்திற்கு வருபவர் யார் என்று எண்ணும் பழக்கமே இதன் உயிர். தண்ணீர் ஊற்றிவிட்டு வருதலும், கண்ட இடத்தில் உமிழாமையும், குப்பையை அதற்குரிய தொட்டியில் இடுதலும் சிறு செயல்கள்தாம். ஆயினும், துப்புரவு செய்யும் எளிய மனிதரை மனிதராக மதிக்கக் கற்பிக்கும் பெரிய பாடம் அவற்றுள் அடங்கியுள்ளது.

ஆசிரியர் எத்தகையர் ஆதல் வேண்டும்?

பதின்மூன்றாம் நூற்றாண்டில், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, நன்னூலை இயற்றினார் சமண முனிவராகிய பவணந்தியார். இலக்கணம் கூறப் புகுந்தவர், அதற்கு முன்னர்ப் பாயிரத்தில் ஆசிரியர், மாணாக்கர் ஆகியோர் இயல்பினைக் கூறினார். நிலம், மலை, துலாக்கோல், மலர் என்பன நல்லாசிரியர்க்கு அவர் காட்டிய உவமைகள். தன்னை அகழ்வாரையும் பொறுப்பது நிலம். எத்துணை முயன்றாலும் அசைக்கவொண்ணாதது மலை. ஒருபாற் கோடாதது துலாக்கோல். மங்கல நிகழ்ச்சிகள் யாவற்றிற்கும் வேண்டப்பெற்று, மென்மையோடு மணம் தருவது மலர். ஆசிரியர் ஆகாதவர்க்கு அவர் கூறிய உவமைகளுள் மடற்பனையும் ஒன்று. கருக்கு நிறைந்து நெருங்கவொட்டாது. தானே பழம் உதிர்த்தால் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மாணாக்கருள் கடைநின்றாரைப் பவணந்தியார் பன்னாடைக்கு ஒப்பிட்டார். தேன் போன்ற நல்லதை ஒழுகவிட்டுச் சக்கையைப் பற்றிக்கொள்வது பன்னாடை. ஆசிரியர் சினந்து பிரம்பெடுத்த நாளில் நடத்திய பாடத்தை மாணவன் மறந்துவிடுகிறான். பிரம்படியை வாழ்நாள் முழுதும் நினைவில் வைக்கிறான். ஆயின் அவனைப் பன்னாடை ஆக்கியவர் யார்? 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளைகளுக்கு உடல்தண்டனை அளிப்பதையும் மனத்துன்பம் விளைவிப்பதையும் தடை செய்துள்ளது. சட்டம் 2009இல் சொன்னதை நம் அறம் என்றும் சொல்லி வந்தது. வன்முறையால் கொல்லாமையைக் கற்பித்தல் நெருப்பால் தாகம் தணிப்பதை ஒக்கும்.

அடியாவிட்டால் பிள்ளைகள் அடங்குவரோ என ஆசிரியப் பெருமக்கள் வினவுவர். அவர்தம் இடர்ப்பாடு பெரிதே. ஒரே வகுப்பில் அறுபது பிள்ளைகள். முடிக்க வேண்டிய பாடமோ மலையளவு. அவர்களைப் பழிப்பது எம் நோக்கமன்று. அடக்கம் என்பது அஞ்சி அடங்குதல், அறிந்து அடங்குதல் என இருவகைப்படும். முன்னது ஆசிரியர் முதுகு திருப்பும் வரை நிற்கும். பின்னது அவர் ஓய்வுபெற்ற பின்னும் நிற்கும். நிலம் போலும் பொறையும் துலாக்கோல் போலும் நடுவுநிலையும் உடைய ஆசிரியர் ஒருவரையேனும் நாம் ஒவ்வொருவரும் நம் வாழ்வில் கண்டிருப்போம். அவர் வகுப்பில் நாம் அஞ்சியா அமர்ந்திருந்தோம்?

இது சமயம் புகுத்துதல் ஆகுமோ?

அரசுப் பள்ளியில் இவற்றைக் கற்பித்தல் சமயபோதனை ஆகாதோ என்று சிலர் ஐயுறுவர். முழுதும் அரசு நிதியால் நடைபெறும் கல்விநிலையங்களில் சமயபோதனை கூடாது என்பது நம் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. அதனை நாம் மதிக்கிறோம். பிறர் சமயத்தைப் பிள்ளைகள்மேல் சுமத்துதல் அநேகாந்த நெறிக்கே மாறு. விழுமியக் கல்வியும் சமயங்களைப் பற்றிய அறிவும் அத்தடையுள் அடங்கா என 2002இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுறுத்தியது. படியில் பிறரைத் தள்ளாதே என்பதற்குச் சமயம் உண்டோ? ஆசாரிய துளசி அவர்கள் 1949இல் அணுவிரத இயக்கத்தைத் தொடங்கியபோது எச்சமயத்தார்க்கும் அது உரியது என்றே அறிவித்தார். தேர்வில் முறைகேடு செய்யேன் என்பது அவ்வியக்கம் மாணவர்க்கு வகுத்த உறுதிகளுள் ஒன்று. இதனை ஏற்க ஒருவர் சமணராதல் வேண்டா, மாணவராதல் போதும்.

இல்லத்தின் கடமை

பள்ளியில் ஆறு மணி நேரம். எஞ்சிய பொழுதெல்லாம் இல்லத்தில். கடன் கேட்க வந்தவரிடம் 'அப்பா வீட்டில் இல்லை என்று சொல்' என மகனை வாயிலுக்கு அனுப்பும் தந்தை, ஓராண்டு நீதிபோதனையை ஒரே சொல்லில் அழித்துவிடுகிறார். பேருந்தில் அரைச்சீட்டு எடுப்பதற்காக மகளின் வயதைக் குறைத்துச் சொல்லும் தாய், பொய்யாமைக்கு விலை இத்துணை ரூபாய் எனக் கற்பித்துவிடுகிறார். மகன் கையில் வண்ணக் கயிறு கட்டி அனுப்புவோர், அதன் மறுமுனை எங்கே போய் முடியும் என்பதை எண்ண மறந்துவிடுகின்றனர். பள்ளி விதைக்கும், நீர் ஊற்ற வேண்டியது வீடு.

ஆதலின், நாம் செய்யத்தக்கன சிலவற்றைக் கூறி அமைவோம். நம் பாடசாலைகளில் வாரத்திற்கு ஒரு சமிதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதனை ஒப்பிக்கச் செய்யாமல், அவ்வாரம் முழுதும் நடந்துகாட்டச் செய்வோம். மறுவாரம், 'எங்கே காத்தாய், எங்கே தவறினாய்?' என்று அன்போடு கேட்போம். தவறியதை மறைக்காமல் சொல்லும் பிள்ளையைப் பாராட்டுவோம். நம்முள் ஆசிரியப் பணியில் உள்ளோர், தம் வகுப்பிலும் நாளுக்கு ஐந்து நிமிடம் இதற்கென ஒதுக்குக. தசலட்சண நோன்பின் முடிவில் நாம் ஒருவரிடம் ஒருவர் பொறுத்தருள வேண்டும் க்ஷமாவணி நாளில், நம் பிள்ளைகள் உறவினர் வீடுகளுக்கு மட்டும் செல்லாமல், பள்ளியில் தாம் புண்படுத்திய தோழரிடமும் சென்று பொறுத்தருளுமாறு வேண்டுக. அத்தோழர் எச்சமயத்தவராயினும், எக்குடியினராயினும் சரி. ஒரு சிறுவன் மற்றொரு சிறுவனிடம் நேரிற் சென்று 'என்னைப் பொறுத்துக்கொள்' என்று சொல்லும் பள்ளியில், அரிவாளுக்கு வேலை இராது.

உயிர்கள் ஒன்றற்கொன்று துணையாய் நிற்பனவே என்பது நம் ஆசாரியர் துணிபு. அத்துணைமையைக் கற்கும் இடமே பள்ளி. அப்பெயர் மீண்டும் தன் பொருளைப் பெறுமாறு, நாம் ஒவ்வொருவரும் நம் இல்லத்திலிருந்தே தொடங்குவோமாக!

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக!